கோவில்பிள்ளை கற்பித்த பாடம்

தாழ்ச்சி என்னும் புண்ணியத்தைப் பற்றிப் பேசுவது எளிது. பிரசங்க மேடையில் ஏறி நின்று, அழகிய உவமைகளை அடுக்கி, கேட்போர் கண்கலங்கும்படி அதைப் புகழ்ந்து விடலாம். குருத்துவப் பணியில் கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துவிட்ட நாம் அதை எத்தனை முறை செய்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும், அப்புண்ணியத்தின் முதற்பாடத்தை நமக்குக் கற்பித்தவர் குருமடத்துப் பேராசிரியர் அல்லர். தியானப் பிரசங்கியாரும் அல்லர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பனையேறப் போன ஒரு முதியவரே நமக்கு அதைக் கற்பித்தார். அப்பாடத்திற்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. நம்மைவிட அதிக விலை கொடுத்தவர்களும் உண்டு. அதனை மறைக்காமல் எழுதுவதே நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணி, பல ஆண்டுகள் தயங்கிய பின் இதை எழுதத் துணிந்தோம்.

தேரிக்காட்டின் ஓரத்தில் ஒரு பங்கு

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்கோடியில், செம்மணல் தேரியின் ஓரத்தில் அமைந்த ஒரு சிற்றூருக்குப் பங்குக் குருவாக நாம் அனுப்பப்பட்டோம். நூற்றிருபது குடும்பங்கள் இருந்தன. பெரும்பாலோர் பனைத் தொழிலாளர். இளைஞர் பலர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றுவிட்டனர். அதற்குமுன் நாம் நகரத்துப் பெரிய பங்கொன்றில் இருந்தோம். ஞாயிறு தோறும் ஆயிரம் பேருக்கு மேல் நமது மறையுரையைக் கேட்டு வந்தனர்; அண்டைப் பங்குகளிலிருந்தும் நவநாள் பிரசங்கத்துக்கு அழைப்புகள் வந்தன. அங்கிருந்து இங்கே மாற்றப்பட்டதை இறைவனின் சித்தம் என்று வாய் சொல்லிற்று. உள்ளமோ, "நம்மை ஏன் இங்கே அனுப்பினார்கள்?" என்று ஒவ்வோர் இரவும் கேட்டுக்கொண்டிருந்தது. கீழ்ப்படிந்து வந்தோம் என்பது உண்மை. பணிந்து வந்தோம் என்று சொல்ல முடியாது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அன்று நாம் உணரவில்லை.

அப்பங்கின் கோவில்பிள்ளைக்கு அப்போது எழுபது வயதைத் தாண்டியிருக்கும். அறுபது வயது வரை பனையேறியவர். பாளையரிவாளைக் கீழே வைத்த பிறகு கோவில் மணியின் கயிற்றைப் பிடித்தவர். அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து கோவில் முற்றத்தைக் கூட்டுவார். ஐந்து மணிக்குத் திரிகால மணி அடிப்பார். பலிபீடத்துக்குரிய துணிகளையும் பாத்திரங்களையும் எடுத்து வைப்பார். ஒவ்வோர் ஆண்டும் பனம்பழம் உதிரும் காலத்தில் கொட்டைகளைப் பொறுக்கி வந்து கல்லறைத் தோட்டத்து வேலியோரம் புதைப்பதையும் ஒரு கடமையாகவே செய்து வந்தார். திருப்பலிக்கு முன் அன்றைய கருத்துகளை வாசிக்கும் பணியும் அவருடையதாகவே இருந்தது. முன்னிருந்த குருக்கள் தந்த பணி அது. எழுத்துக் கூட்டி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு விட்டு வாசிப்பார். நமக்கு அது பொறுக்க முடியாததாக இருந்தது.

அந்த ஆகஸ்டு 4ஆம் நாள்

ஆகஸ்டு 4ஆம் நாள், பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியின் திருநாள் என்பதை வாசகர்கள் அறிவர். 2013இல் அந்நாள் ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. பங்கு மக்கள் குருக்கள் தினம் கொண்டாட ஏற்பாடு செய்திருந்தனர். நாமும் நமக்குத் தெரிந்த நகரத்துக் குருக்கள் இருவரை விருந்தினராக அழைத்திருந்தோம். அன்றைய மறையுரைக்காக ஒரு வாரம் உழைத்தோம். பொருள், வியான்னி அடிகளாரின் தாழ்ச்சி.

அப்புனிதரின் வரலாறு எந்தக் குருவையும் உருக்கக்கூடியது. பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகிலுள்ள தார்தில்லி என்னும் சிற்றூரில் 1786ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். புரட்சியின் கொடுமையால் கோவில்கள் மூடப்பட்டிருந்த காலத்தில், மறைவாகவே புதுநன்மை வாங்கியவர். இருபது வயதளவில்தான் குருத்துவப் படிப்பைத் தொடங்கினார். இலத்தீன் மொழி அவருக்கு வசப்படவே இல்லை. தம்மிலும் மிக இளைய மாணவர்களுக்கு முன் விடை சொல்லத் தெரியாமல் நின்றார். குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பவும் பட்டார். அவருடைய பக்தியை அறிந்த பாலே அடிகளார் என்னும் நல்ல பங்குக் குரு விடாது பரிந்து பேசியதால், 1815ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் தம் 29ஆம் வயதில் குருப்பட்டம் பெற்றார். 1818இல் ஏறத்தாழ 230 பேரே வாழ்ந்த ஆர்ஸ் என்னும் குக்கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். ஊருக்கு வழி தெரியாமல் ஆடு மேய்க்கும் சிறுவனிடம் வழி கேட்டுப் போனவர், அவ்வூரை விட்டுப் பெரிய இடம் எதற்கும் மாறாமல், 41 ஆண்டுகள் அங்கேயே உழைத்து 1859இல் இறந்தார். ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருந்தார். அவரைக் காண ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் அக்குக்கிராமத்தைத் தேடி வந்தனர். 1925இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இவற்றையெல்லாம் நாம் தாளில் எழுதி, மனனமும் செய்து வைத்திருந்தோம். திருப்பலிக்கு முன் வாசிக்க வேண்டிய முன்னுரையையும் நாமே எழுதிக் கோவில்பிள்ளையிடம் கொடுத்தோம். அதில் "ஆர்ஸ் நகர்ப் பங்குத் தந்தை" என்று எழுதியிருந்தோம். பெரியவர் அச்சொல்லின் முன் தடுமாறினார். ஒருமுறை நின்றார், மறுமுறை கூட்டிப் பார்த்தார், பிறகு, "அரசு நகர்ப் பங்குத் தந்தை" என்று உரக்க வாசித்தார். முன்வரிசைச் சிறுவர் சிரித்தனர். விருந்தினராக வந்த குருக்களில் ஒருவரும் புன்னகைத்தார். அந்தப் புன்னகைதான் நம்மைச் சுட்டது.

நாம் எழுந்து சென்று அவர் கையிலிருந்த தாளை வாங்கினோம். ஒலிபெருக்கி நம் முன் இருந்தது. "எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களை இங்கே நிறுத்தியது நமது தவறு" என்றோம். பிறகு முன்னுரையை நாமே அழகாக வாசித்து முடித்தோம். அதன்பின், கல்வி குறைந்தவர் என்று பிறர் ஏளனம் செய்த ஒரு புனிதரின் தாழ்ச்சியைப் பற்றி அரைமணி நேரம் உருக்கமாகப் பிரசங்கித்தோம். பலர் பாராட்டினர். நம்முடைய செயலுக்கும் நம்முடைய சொல்லுக்கும் இடையே இருந்த பாதாளத்தை அன்று ஒருவரும் நமக்குச் சுட்டிக்காட்டவில்லை. நமது மனச்சாட்சி ஒன்றே சுட்டிக்காட்டியது. அதையும் மாலைக்குள் உறங்க வைத்துவிட்டோம்.

எட்டு மாதங்கள்

மறுநாள் அதிகாலை முற்றத்தைக் கூட்டும் ஓசை கேட்டது. ஐந்து மணிக்கு மணியும் அடித்தது. பெரியவர் ஒன்றும் நிகழாதது போலவே தம் வேலைகளைச் செய்தார். ஆனால் பலிபீடத்துக்குரியவற்றை எடுத்து வைத்ததும் இறங்கிச் சென்று கடைசித் தூணருகே அமர்ந்துகொள்வார். முன்பு முதல் வரிசையில் இருந்தவர். நாம் அதைக் கண்டோம். கண்டும் காணாதது போல் இருந்தோம்.

காணிக்கையைப் பலிபீடத்தில் செலுத்த வரும்போது சகோதரனுக்கு நம்மீது மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை. நாமோ நாள்தோறும் அப்பலிபீடத்தில் நின்றோம். நம் எதிரே, கடைசித் தூணருகே, அந்தச் சகோதரர் அமர்ந்திருந்தார். இருபது பாகத் தொலைவுகூட இல்லை. அத்தொலைவை நடந்து கடக்க நமக்கு எட்டு மாதங்கள் ஆயின.

அடுத்த மாதமே ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தோம். அவர் மன்னிப்பு அளித்து, அந்த மனிதரை நேரில் கண்டு பேசும்படி அறிவுரை கூறினார். சரி என்றோம். திருநாள் வந்தது, போகவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, புது வேட்டி ஒன்று வாங்கி அனுப்பினோம், போகவில்லை. அன்பளிப்பை மன்னிப்புக்கு ஈடாக வைத்து நம் கடனைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணினோம். அகங்காரம் எவ்வளவு தந்திரமுடையது என்பதைக் கவனியுங்கள். அது எப்போதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவதில்லை. சில வேளைகளில் தருமம் செய்யும் கோலத்திலும் வரும்.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 17, பெரிய வியாழன். பாதம் கழுவும் சடங்குக்குப் பங்குப் பேரவையினர் தேர்ந்தெடுத்த பன்னிருவரில் கோவில்பிள்ளையும் ஒருவர். நாம் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையாக முழந்தாளிட்டு வந்தோம். அவர் முன் வந்தபோது அவர் வலது பாதத்தை நீட்டினார். ஐம்பது ஆண்டுகள் மரத்தைப் பற்றி ஏறிய பாதம். தளைநார் அழுத்திய தழும்பு புறங்காலில் வளையமாகப் பதிந்திருந்தது. உள்ளங்காலின் காய்ப்பு கல்லைப் போல் இருந்தது. அதன்மேல் தண்ணீர் ஊற்றினோம், துடைத்தோம், முத்தமிட்டோம். நிமிர்ந்தபோது அவர் நம்மைப் பார்க்கவில்லை, பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சடங்கிலே அவர் பாதத்தை முத்தமிட நமக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஊரே அதைப் பார்த்து, சாமியாரின் தாழ்ச்சியை மெச்சும். சடங்கு இல்லாத ஒரு நாளில், யாரும் பாராதபோது, அவர் வீட்டு வாசலில் போய் நிற்கத்தான் தைரியம் இல்லை. அந்நினைவு எழுந்ததும் கையிலிருந்த துண்டு நடுங்கியது.

வீட்டு வாசலில்

நள்ளிரவு ஆராதனை தொடங்குவதற்கு முன் கிடைத்த இடைவேளையில் அவர் வீட்டுக்குச் சென்றோம். பனையோலை வேய்ந்த முன்தாழ்வாரம். பதநீர் மிகுந்த காலமாதலால் அக்கம்பக்கத்து விடிலிகளிலிருந்து கருப்பட்டி காய்ச்சும் மணம் வந்துகொண்டிருந்தது. பெரியவர் பதறி எழுந்து தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார். "சாமி, சொல்லி அனுப்பியிருந்தால் நானே வந்திருப்பேனே" என்றார்.

"ஐயா" என்றோம். அதுவரை அவரை நாம் ஐயா என்று அழைத்ததில்லை. கோவில்பிள்ளை என்றே அழைப்பது வழக்கம். "போன ஆகஸ்டில் நான் உங்களை எல்லாருக்கும் முன்பாக அவமானப்படுத்திவிட்டேன். அது பாவம். என்னை மன்னியுங்கள்." மறையுரைகளில், நாம் அனைவரும் பாவிகள் என்று ஊரையும் சேர்த்துக்கொண்டு சொல்வது மிக எளிது. நான் தவறு செய்தேன் என்று தனியாகச் சொல்லும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சாமி, நான் அதை அன்றைக்கு மணியடிக்கும்போதே விட்டுவிட்டேன். மனத்தில் வைத்துக்கொண்டு மணியடிக்க முடியுமா? ஆனால் இந்தப் பிள்ளை விடவில்லை." அவர் கதவுப்பக்கம் கையைக் காட்டினார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அங்கே நின்றிருந்தாள். பாடகர் குழுவில் நல்ல குரல் கொண்ட சிறுமி. அவள் கோவிலுக்கு வருவதை நிறுத்தி எட்டு மாதங்கள் ஆயின என்பதை அப்போதுதான் அறிந்தோம். நூற்றிருபது குடும்பங்களின் மேய்ப்பருக்கு ஓர் ஆடு வெளியேறியதே தெரியவில்லை.

அவளிடமும் மன்னிப்புக் கேட்டோம். அவள் அழவில்லை; கோபமும் காட்டவில்லை. "ஃபாதர், நீங்கள் தாத்தாவிடம் வீட்டில் வந்து கேட்டீர்கள். ஆனால் சொன்னது கோவிலில்தானே?" என்றாள். அவ்வளவே. பாட்டி அவளை அதட்டினார். நாம் தடுத்தோம். நீதிநெறி இயலை நாம் பல ஆண்டுகள் கற்றவர்கள். பிறர் நற்பெயருக்கு இழைத்த கேட்டை அது இழைக்கப்பட்ட அளவில் ஈடுசெய்ய வேண்டும் என்பது அதில் உள்ள பாடம். அப்பாடத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நமக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

பாஸ்கா எட்டாம் நாள் ஞாயிறு, ஏப்ரல் 27. உரோமையில் திருத்தந்தையர் இருபத்துமூன்றாம் யோவானும் இரண்டாம் யோவான் பவுலும் புனிதராக உயர்த்தப்பட்ட நாள் அது. நமது சிறு கோவிலில் அதே ஒலிபெருக்கியின் முன் நின்று, ஆகஸ்டு மாதம் நாம் சொன்ன சொற்களைத் திரும்பவும் சொல்லி, அவை பொய்யும் பாவமும் ஆனவை என்று அறிக்கையிட்டு, பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டோம். கோவிலில் பெரும் அமைதி நிலவியது. திருப்பலி முடிந்ததும் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர், "சாமி, நீங்களே இப்படிச் சொன்னால் நாளைக்கு உங்கள் பேச்சை யார் மதிப்பார்கள்?" என்று வருந்தினார். அவர் நம்மீது கொண்ட அன்பினாலேயே அப்படிக் கேட்டார்.

அற்புதம் எதுவும் நிகழவில்லை. அச்சிறுமி அன்று கோவிலில் இல்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பெரியவரை மீண்டும் முன்னுரை வாசிக்கும்படி வேண்டினோம். "கண் சரியாகத் தெரியவில்லை சாமி" என்று மறுத்துவிட்டார். நாம் அப்பங்கில் இருந்த காலம் முழுவதும் அவர் ஒலிபெருக்கியின் முன் வரவே இல்லை. அவர் மன்னித்தது மெய். ஆனால் நாம் உடைத்தது ஒட்டவில்லை. மன்னிப்புப் பெற்றவர்கள் இதையும் தாங்கிக்கொள்ளக் கற்க வேண்டும். மன்னிப்பு நமது குற்றத்தை நீக்குகிறது. அதன் விளைவுகளோடு வாழும் கடமையை அது எப்போதும் நீக்குவதில்லை.

விசுவாசம் எங்கே வளர்கிறது?

அந்த மாதங்களில் லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை வாசித்தோம். தங்கள் விசுவாசத்தை அதிகமாக்கும்படி அப்போஸ்தலர் ஆண்டவரிடம் வேண்டிக்கொள்ளும் இடம் அது. குருமடத்தில் அதைப் படித்த காலத்தில், அற்புதங்கள் செய்யும் பொருட்டு அவர்கள் அப்படிக் கேட்டார்கள் போலும் என்று கருதியிருந்தோம். அவ்வேண்டுதலுக்கு முந்திய வசனங்களை அன்று கவனிக்கவில்லை. ஒரே நாளில் ஏழு முறை குற்றம் செய்து ஏழு முறையும் திரும்பி வருகிறவனை மன்னிக்க வேண்டும் என்று ஆண்டவர் அப்போதுதான் போதித்திருக்கிறார். அதைக் கேட்டு மலைத்துப்போனே அவர்கள் விசுவாசத்தை வேண்டுகிறார்கள். அதற்கு மறுமொழியாக ஆண்டவர் கடுகு விதையைக் காட்டுகிறார். உடனே, வயலில் உழைத்து வந்த ஊழியன் தன் கடமையைத்தானே செய்தான் என்னும் உவமையையும் சொல்கிறார்.

மன்னிப்பு, விசுவாசம், தாழ்ச்சி ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் போதிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். விசுவாசம் வளரும் இடம் நமது வீட்டு முற்றமே. கணவனும் மனைவியும், மாமியாரும் மருமகளும், அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய அந்த இடத்தில்தான் விசுவாசம் போதவில்லை என்பது நமக்குத் தெரியவருகிறது. தெரிந்ததும் அதைக் கேட்கிறோம். கேட்கிறவர்களுக்குக் கடுகளவு தரப்படுகிறது. அக்கடுகளவே போதுமானது.

தாழ்ச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல், மண் என்னும் பொருள் கொண்ட சொல்லிலிருந்து பிறந்தது என்று குருமடத்தில் கற்றோம். நம் தமிழிலோ தாழ்ச்சி என்பது கீழே இறங்குதல் என்னும் பொருளைத் தன்னிலேயே கொண்டிருக்கிறது. தன்னைப் பழித்துக்கொள்வது தாழ்ச்சி ஆகாது. "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று சொல்லிக்கொண்டே, பிறர் அதை மறுத்துப் பேசவேண்டுமென்று காத்திருப்போர் உண்டு. அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் தாழ்ச்சியை உண்மையில் நடப்பதாக விளக்குகிறார். நாம் செய்ததை நாம் செய்ததாகவே, கூட்டாமலும் குறைக்காமலும் ஒப்புக்கொள்வது அது.

அடுத்து, நிலைத்திருத்தல். வியான்னி அடிகளாரைப் பற்றி அன்றைய பிரசங்கத்தில் நாம் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. அவர் ஆர்ஸ் பங்கை விட்டு ஓடிப்போக முயன்றிருக்கிறார். 1843இலும் 1853இலும் இரவோடிரவாகப் புறப்பட்டுவிட்டார். இப்பணிக்குத் தாம் தகுதியற்றவர், தனிமையில் போய்த் தம் பாவங்களுக்காக அழவேண்டும் என்னும் எண்ணம் அவரை வாட்டியது. புனிதரின் புகழுக்கு இது பொருந்தாது என்று கருதி நாம் அதை விட்டுவிட்டோம். இப்போது நமக்கு மிக ஆறுதல் தருவது அதுவே. ஓடிப்போக ஒருபோதும் நினையாதவரைப் புனிதர் என்று சொன்னால் நம்மில் யாருக்கும் நம்பிக்கை பிறவாது. அவர் ஓடினார், திரும்பி வந்தார், மறுநாளும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்தார். பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் ஆண்டவரைக் கைவிட்டவர்கள். இருவரும் மனம் நொந்தார்கள். ஒருவர் தம் துயரத்தோடு தனியே போய் மாண்டார். மற்றவர் அழுதுகொண்டே தம் சகோதரர்களோடு தங்கியிருந்தார். தங்கியிருந்தவரையே ஆண்டவர் கடற்கரையில் கண்டு பேசினார்.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

நம் வீடுகளில் இதை எப்படிக் கைக்கொள்வது?

முதலாவது, பலர் முன் ஒருவரைத் தாழ்த்திப் பேசியிருந்தால் பலர் முன்பே அதைத் திருத்துங்கள். பிள்ளைகளுக்கு முன் மனைவியை இழிவாகப் பேசிய கணவன் இரவில் தனியாக மன்னிப்புக் கேட்டால் பாதிக் கடனே தீரும். மறுநாள் காலை உணவின்போது, பிள்ளைகள் கேட்க, "நேற்று அம்மாவை நான் அப்படிப் பேசியது தவறு" என்று சொல்லட்டும். அதனால் தந்தையின் மதிப்புக் குறையாது. நாம் அப்படித்தான் அஞ்சினோம். அவ்வச்சம் வீண் என்று கண்டோம்.

இரண்டாவது, படித்த பிள்ளைகளுக்கு ஒரு சொல். உங்கள் பெற்றோர் ஆங்கிலச் சொல்லைத் தவறாக உச்சரிக்கலாம். வங்கியில் படிவத்தை நிரப்பத் தெரியாமல் நிற்கலாம். கைப்பேசியைப் பயன்படுத்தத் தடுமாறலாம். அவ்வேளையில் உங்கள் உதட்டில் எழும் புன்னகை அவர்களை எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, மன்னிப்புக் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு நாளும் அத்தொலைவு ஓர் அடி நீளுகிறது. இரவுச் செபத்தில் செபமாலை முடிந்ததும், அன்றைய நாளில் ஒருவரையொருவர் நோகச் செய்ததற்கு வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். ஐந்து நிமிடம் போதும்.

நான்காவது, கேட்டபின் பலனுக்கு அவசரப்படாதீர்கள். கோவிலை விட்டு விலகிய பிள்ளையை வற்புறுத்தி இழுத்து வருவதைவிட, அப்பிள்ளையின் மனம் எங்கே காயப்பட்டது என்று கேட்டறிவது மேல். பிறகு செபித்துக் காத்திருங்கள்.

வேலியோரத்துப் பனைகள்

காத்திருத்தலைப் பற்றியும் அப்பெரியவரே நமக்குக் கற்பித்தார். 2014ஆம் ஆண்டு பனம்பழக் காலத்தில் ஒருநாள் அவர் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் கொட்டை புதைத்துக்கொண்டிருந்தார். நாமும் போய் மண்ணைத் தள்ளிக் கொடுத்தோம். "ஐயா, இது எப்போது முளைக்கும்?" என்று கேட்டோம். "மேலே முளைக்கிறதைக் கேட்கிறீர்களா சாமி? அதற்கு நாளாகும். இது முதலில் கீழே போகும்" என்றார். பனங்கொட்டையின் முளை முதலில் மண்ணுக்குள் இறங்குகிறது, அங்கே கிழங்காகிறது, அதன் பிறகே குருத்து மேலே எட்டிப் பார்க்கிறது. பல ஆண்டுகள் ஓலைக்கூட்டமாகத் தரையிலேயே நிற்கும். பாளை விட்டு, அது ஆண்பனையா பெண்பனையா என்பது தெரியவே பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். "அப்படியானால் இதில் ஏறப்போவது யார்?" என்றோம். "நான் ஏறின மரமெல்லாம் யாரோ நட்டதுதானே, சாமி" என்றார்.

நாம் 2016இல் வேறு பங்குக்கு மாற்றப்பட்டோம். 2019 நவம்பரில் பெரியவர் இறைவனடி சேர்ந்தார் என்று செய்தி வந்தது. அடக்கத் திருப்பலிக்குச் சென்றோம். முதல் வாசகம் வாசிக்க ஓர் இளம்பெண் எழுந்து வந்தாள். அவர் பேத்திதான், வெளியூரில் செவிலியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தாள். சாலமோனின் ஞானத்திலிருந்து, நீதிமான்களின் ஆன்மாக்கள் இறைவன் கையில் இருப்பதைக் கூறும் பகுதியை நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு விட்டு வாசித்தாள். அம்முறையை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் என்பது உடனே நினைவுக்கு வந்தது.

அடக்கம் முடிந்ததும் அவள் நம்மிடம் வந்து தோத்திரம் சொன்னாள். "ஃபாதர், தடங்கல் இல்லாமல் வாசித்தேனா?" என்று கேட்டாள். நமக்குச் சட்டென்று மறுமொழி வரவில்லை. "நன்றாக வாசித்தாய், அம்மா" என்றோம். "எனக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தது தாத்தாதான். தேரி மணலில் விரலைப் பிடித்து எழுத வைப்பார்" என்றாள். அதைக் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஆயினும், அச்சொற்களை வாழ்நாள் முழுவதும் நாம் தியானிக்க வேண்டியிருக்கிறது.

அவர் கல்லறை வேலியோரத்தில் இருக்கிறது. இறந்தோர் நினைவு நாளையொட்டி இயன்றபோதெல்லாம் அங்கே போய் வருகிறோம். நாம் மண் தள்ளிய கொட்டைகளில் சில முளைத்து ஆளுயரத்தைத் தாண்டி நிற்கின்றன. இன்னும் பாளை விடவில்லை. அவற்றின் பதநீரை நாம் அருந்தப் போவதில்லை என்பது ஏறக்குறைய உறுதி. அதனால் நமக்கு வருத்தம் இல்லை.

தாழ்ச்சியுள்ளவர்களுக்குத் தம் அருளைத் தரும் ஆண்டவர், நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் முதலில் கீழே இறங்கும் அந்த வேரை ஊன்றுவாராக. மேலே வளர்வதை அவர் தம் நேரத்தில் பார்த்துக்கொள்வார். உங்கள் செபங்களில் பங்குக் குருக்களாகிய எங்களையும் நினைந்துகொள்ளுங்கள். எங்களுக்கு அது மிகவும் தேவை.